தினமும் ஐந்து நிமிஷம், கேள்வி கேட்காமல்

சிகிச்சையின் முதல் நாள், ஒரு சின்ன அறையில் என் மகனோடு ஐந்து நிமிஷம் விளையாடச் சொன்னார்கள். அவனுக்கு அப்போது நான்கு வயது. தரையில் கட்டைகள், கிரேயான், மூக்கும் காதும் கழற்றி மாட்டுகிற உருளைக்கிழங்கு பொம்மை. ஒரு பக்கச் சுவரில் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் தெரபிஸ்ட் உட்கார்ந்து நான் பேசிய ஒவ்வொரு வாக்கியத்தையும் தாளில் குறித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் அந்தத் தாளைக் காட்டினார். ஐந்து நிமிஷத்தில் நான் கேட்ட கேள்விகள் 31. போட்ட உத்தரவுகள் 14. அவன் செய்த ஒரு காரியத்தையாவது இன்னது என்று சொல்லிப் பாராட்டினேனா என்றால், ஒன்றுகூட இல்லை.

நான் நன்றாக விளையாடியதாகத்தான் நினைத்திருந்தேன். "இது என்ன கலர்? மூக்கு எங்க வைக்கணும்? இங்க வைக்கலாமா? அதை எடு, இதை வை." இப்படித்தானே நம் வீடுகளில் குழந்தையோடு பேசுகிறோம்.

நாங்கள் டல்லாஸுக்கு வடக்கே இருக்கிறோம். சின்னவன் டே கேரில் மற்ற பிள்ளைகளைக் கடித்தான். ஒரே மாதத்தில் மூன்று முறை போன் வந்தது. மூன்றாவது முறை, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லாமல் சொல்லிவிட்டார்கள். வீட்டில் அக்காவின் நோட்டைக் கிழிப்பான், தட்டைத் தள்ளிவிடுவான், காலையில் சட்டை போடவே அரை மணி நேரம் சண்டை. நான் கை நீட்டியிருக்கிறேன், பல தடவை. அடித்த கொஞ்ச நேரம் அடங்குவான், அப்புறம் அக்காவைப் போய் அடிப்பான். குழந்தை மருத்துவர் எங்களை அனுப்பிவைத்த இடத்தில்தான் இந்தச் சிகிச்சையைக் கற்றுக்கொண்டோம். அங்கே கற்றதில் எதை வீட்டிலேயே தொடங்கலாம், எதை ஆள் இல்லாமல் தொடக்கூடாது, தமிழில் பேசுகிற வீட்டில் இது எங்கே இடறுகிறது என்பதைத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

இதற்குப் பெயர் பேரன்ட் சைல்ட் இன்டராக்‌ஷன் தெரபி, சுருக்கமாக பி.சி.ஐ.டி. 1970களில் ஷீலா ஐபெர்க் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஒரிகனில் தொடங்கி, பிறகு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் செதுக்கியது. இரண்டு வயதிலிருந்து ஏழு வயது வரையுள்ள, சொன்ன பேச்சு கேட்காத, அடிக்கிற, கத்துகிற குழந்தைகளுக்கானது. விளையாட்டுச் சிகிச்சையில் குழந்தை தெரபிஸ்டோடு நன்றாக ஒட்டிக்கொள்கிறது, ஆனால் அந்த ஒட்டுதல் அம்மா அப்பாவோடு அல்லவா வேண்டும் என்று ஐபெர்க் யோசித்தார். அதனால் பயிற்சியைப் பெற்றோருக்குக் கொடுத்தார். பெற்றோர் காதில் ஒரு சின்ன இயர்போன் இருக்கும். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தெரபிஸ்ட் அதில் பேசுவார். "இப்போது அவன் கட்டையை மெதுவாக வைத்தான், அதைச் சொல்லுங்கள்" என்று காதுக்குள் குரல் வரும், நாம் சொல்வோம். வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம்.

ஒவ்வொரு வாரமும் 36 கேள்விகள் உள்ள ஒரு தாளை நிரப்பித் தர வேண்டும். சாப்பாட்டு மேஜையில் எவ்வளவு தொந்தரவு, தூங்க எவ்வளவு சண்டை என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஏழு வரை மதிப்பெண். மொத்தம் 131-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டிய அளவு என்று வைத்திருக்கிறார்கள். சிகிச்சை முடிய அது 114-க்கோ அதற்குக் கீழேயோ வர வேண்டும். எங்களுடைய முதல் தாளில் 171 இருந்தது. இத்தனை வாரத்தில் முடிந்துவிடும் என்று கணக்கு கிடையாது. பெற்றோருக்குக் கைவர வேண்டும், எண் இறங்க வேண்டும், அப்போதுதான் விடுவார்கள். எங்களுக்கு 19 வாரம் ஆனது.

தொடங்குவதற்கு முன்னால் ஒரு விஷயம். குழந்தைக்குக் காது சரியாகக் கேட்கிறதா, வயதுக்கு ஏற்ற பேச்சு வருகிறதா, ராத்திரி குறட்டை விடாமல் தூங்குகிறதா என்று மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். பேச்சு வராத குழந்தை கடிக்கும். தூக்கம் போதாத குழந்தை கத்தும். அதைப் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டு சிகிச்சை பார்ப்பதில் பயன் இல்லை.

முதல் பாதி: அவன் ஆட்டம், நம் வாய்

தினமும் ஐந்து நிமிஷம் சிறப்பு நேரம். அவ்வளவுதான் வீட்டுப்பாடம். அடம் பிடித்த நாளிலும் உண்டு, நல்ல நாளிலும் உண்டு. "நீ அடிச்சே, அதனால இன்னைக்குக் கிடையாது" என்று பறிக்கக்கூடாது, அது அவனுக்கு மருந்து மாதிரி. எங்கள் வீட்டில் மாலை ஆறரை மணி. போன் சமையலறை டிராயருக்குள் போய்விடும்.

பொம்மையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். கட்டைகள், காந்தம் வைத்த ஓடுகள், களிமண், தாளும் கிரேயானும், சொப்புச் சாமான் எல்லாம் நல்லவை. பந்து வேண்டாம், எறிவான். துப்பாக்கி, வாள், மோதவிடுகிற கார் வேண்டாம். வெற்றி தோல்வி உள்ள ஆட்டமும் வேண்டாம், விதி வந்தால் சண்டை வரும். இரண்டு மூன்று சாமான் மட்டும் தரையில் வைத்து, அவன் எதை எடுக்கிறானோ அதோடு போக வேண்டும்.

இந்த ஐந்து நிமிஷத்தில் செய்ய வேண்டியவை ஐந்து: குறிப்பிட்டுப் பாராட்டுவது, அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்வது, அவன் செய்வதை நாமும் செய்வது, அவன் செய்வதை வர்ணிப்பது, அதை ரசிப்பது. செய்யக்கூடாதவை மூன்று: கேள்வி, உத்தரவு, குறை. எழுதிப் பார்த்தால் சுலபமாகத் தெரிகிறது. ஐந்து நிமிஷம் செய்து பாருங்கள், வியர்த்துவிடும்.

வர்ணனை எனக்கு முதலில் பிடிபட்டது. ரேடியோவில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் தமிழ் கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டவர்களுக்கு இது தெரியும். பந்து எங்கே போகிறது என்று சொல்வார், பந்து எங்கே போக வேண்டும் என்று சொல்ல மாட்டார். அதே மாதிரிதான். "சிவப்புக் கட்டைய எடுத்தே. நீல கட்டை மேல வைக்கிறே. இப்ப ரெண்டு கையாலயும் புடிச்சிருக்கே." இதைக் கேட்கிற குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாவது நாள், நான் வர்ணிக்க வர்ணிக்க என் மகன் கட்டையை வைக்கிற வேகம் குறைந்தது. நான் சொல்லி முடிக்கட்டும் என்று கட்டையைக் கையில் பிடித்தபடி காத்திருந்தான். இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஒரு இடத்தில் உட்காராத பையன்.

திருப்பிச் சொல்வதில்தான் தமிழ் என்னை மாட்டிவிட்டது. எங்கள் தெரபிஸ்டுக்குத் தமிழ் தெரியாது. கிளினிக்கில் ஆங்கிலத்தில் பேசிப் பழகினேன். இரண்டாம் வாரம் அவர் என்னிடம் கேட்டார்: "உங்களுக்குக் கோபம் வந்தால் எந்த மொழியில் பேசுவீர்கள்?" தமிழில் என்றேன். "அப்படியானால் வீட்டுப் பயிற்சி தமிழில் செய்யுங்கள்" என்றார். வீட்டில் பதிவு செய்து திரும்பக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. அவன், "கார் போகுது" என்கிறான். நான், "கார் போகுதா?" என்கிறேன். அவன், "இது யானை" என்கிறான். "அப்படியா? யானையா?" கேட்டதைத் திருப்பிச் சொல்லும்போது கடைசியில் ஒரு 'ஆ' சேர்த்துக் கேள்வியாக்குவது நம் நாக்கில் ஊறிப்போன பழக்கம். அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் குழந்தை அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, தன் ஆட்டத்தை விட்டுவிட்டு நம்மைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஆட்டத்தின் பிடி நம் கைக்கு வந்துவிடுகிறது. நான் கண்டுபிடித்த வழி, 'ஆமா' என்று தொடங்குவது. "ஆமா, கார் போகுது." "ஆமா, யானை." 'ஆமா' போட்டுவிட்டால் கடைசியில் 'ஆ' வராது. இரண்டு வாரம் இதை மட்டுமே பயிற்சி செய்தேன்.

'சரியா?', 'இல்லையா?', 'என்ன?' என்று வாக்கியத்தின் வாலில் ஒட்டுவதும் கேள்விக் கணக்கில்தான் சேரும். பெரிய வீடு கட்டினே, இல்லையா? என்றால் அது பாராட்டு கிடையாது.

பாராட்டுக்கு வருகிறேன். 'சமத்து', 'குட் பாய்', 'சூப்பர்' எல்லாம் காதுக்கு இனிமையாக இருக்கும். ஆனால் எதற்காகச் சொன்னோம் என்பது குழந்தைக்குத் தெரியாது. செய்த காரியத்தின் பெயரைச் சேர்க்க வேண்டும். "கட்டைய மெதுவா வச்சே, எனக்குப் பிடிச்சிருக்கு." "பிடுங்காம கேட்டு வாங்கினே, ரொம்ப நல்லா இருக்கு." எது அதிகமாக வேண்டுமோ அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். என் மகனிடம் எனக்கு வேண்டியது மெதுவான கை. அதனால் 'மெதுவா' என்ற சொல்லை ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்லியிருப்பேன். நல்லதைச் சொல்லிவிட்டுக் கூடவே கொக்கி போடக்கூடாது. "இப்படியே எப்பவும் இருந்தா என்ன?" "இன்னைக்குச் சூரியன் மேற்க உதிச்சிருக்கு!" இவை பாராட்டின் கழுத்தைப் பிடித்துவிடும்.

அந்தச் சமயத்தில் அம்மா மன்னார்குடியிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். நான் பாராட்டுவதைக் கேட்டு அவருக்குப் பொறுக்கவில்லை. "புள்ளைய மூஞ்சிக்கு நேரா புகழாதடா, கண்ணு பட்டுடும்" என்றார். இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் வீடுகளில் குழந்தையைப் பாராட்டாமல் இருப்பதற்குப் பின்னால் பயம் இருக்கிறது, அந்தப் பயத்துக்குப் பின்னால் பாசம் இருக்கிறது. சண்டை போட்டால் பாட்டியும் பேரனும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஆகிவிடுவோம். அதனால் இப்படிச் சொன்னேன்: "அவன் அழகா இருக்கான், புத்திசாலின்னு நான் சொல்லலம்மா. கட்டைய மெதுவா வச்சான்னுதான் சொல்றேன். வேலையைத்தான் சொல்றேன், புள்ளைய இல்ல." கொஞ்ச நேரம் யோசித்தார். வேலைக்குத் திருஷ்டி கிடையாது என்று அவருக்குச் சரியாகப் பட்டது. வெள்ளிக்கிழமை தோறும் உப்பும் மிளகாயும் எடுத்து அவனுக்குச் சுற்றிப் போடுவது தொடர்ந்தது. அதோடு, "பாட்டிக்குத் தண்ணி சிந்தாம கொண்டாந்தே, நல்லா இருக்குப்பா" என்று சொல்லவும் தொடங்கினார்.

எண்ணும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் மூன்று கட்டம் போட்டு, பாராட்டு, திருப்பிச் சொன்னது, வர்ணனை என்று கோடு போடுவார். கீழே நான்காவதாக ஒரு கட்டம், கேள்வி உத்தரவு குறை மூன்றுக்கும் சேர்த்து. இலக்கு இதுதான்: ஐந்து நிமிஷத்தில் முதல் மூன்றும் பத்துப் பத்து, கீழ்க்கட்டத்தில் மூன்றுக்கும் குறைவு. இந்த அளவு வந்தால்தான் கிளினிக்கில் அடுத்த பாதிக்கு விடுவார்கள். எனக்கு ஏழு வாரம் ஆனது, என் மனைவிக்கு நாலு வாரம். உங்கள் வீட்டிலும் யாரையாவது எண்ணச் சொல்லுங்கள். எண்ணாமல், நன்றாகத்தான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தால் ஒன்றும் மாறாது. எனக்கு அந்த முதல் தாள் இல்லாவிட்டால் இன்றுவரை தெரிந்திருக்காது.

பார்க்காமல் இருப்பது

சிறப்பு நேரத்தில் அவன் சிணுங்கினால், எச்சிலைக் குமிழி விட்டால், "போடா அப்பா" என்றால் என்ன செய்வது? பார்க்காமல் இருக்க வேண்டும். முகத்தைத் திருப்பி, வாயை மூடி, நம் கையிலிருக்கிற கட்டையைச் சுவாரசியமாக அடுக்க வேண்டும். அவன் சரியாக ஒரு காரியம் செய்த அந்த நொடியே திரும்பிவிட வேண்டும், முழு முகத்தோடு. "திரும்ப களிமண்ண உருட்டறே. உன்னோட விளையாடறது எனக்குச் சந்தோஷமா இருக்கு." திரும்பி வருவது தாமதமானால் பார்க்காமல் இருந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். கோபித்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருப்பது வேறு, இது வேறு. நம் மனசில் கோபம் இருக்கக்கூடாது, காத்திருப்பது மட்டும்தான்.

அடித்தால், எறிந்தால், கடித்தால் இது கிடையாது. "அடிச்சதால சிறப்பு நேரம் முடிஞ்சுது, நாளைக்கு விளையாடலாம்" என்று ஒரே தடவை சொல்லி எழுந்துவிட வேண்டும்.

முதல் சில நாள் அவன் அதிகமாகக் கத்துவான், அது நிச்சயம். இத்தனை நாள் வேலை செய்த சத்தம் இன்று வேலை செய்யவில்லை என்றால் யாராக இருந்தாலும் இன்னும் பலமாகத்தான் கத்திப் பார்ப்பார்கள். ஒரிகனில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற ஆய்வாளர் குடும்பங்களின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து, யார் எதற்கு என்ன செய்கிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் குறித்துப் பார்த்தவர். அவர் விவரித்த பொறியை எங்கள் ஊர் இந்தியக் கடையில் நான் வாராவாரம் பார்த்திருக்கிறேன். குழந்தை சாக்லேட் கேட்கும், வேண்டாம் என்போம். கத்தும், அதட்டுவோம். தரையில் உருளும், எல்லோரும் பார்ப்பார்கள், வாங்கிக் கொடுத்துவிடுவோம். கத்தினால் கிடைக்கும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று நாம் கற்றுக்கொள்கிறோம். அடுத்த வாரம் இரண்டு பேரும் இன்னும் சீக்கிரமாக அங்கே போய் நிற்கிறோம். அதனால், பார்க்காமல் இருப்பது என்று தொடங்கினால் கடைசி வரை இருங்கள். அன்றைக்கு முடியாது என்று தோன்றினால் தொடங்காமலே கேட்டதைக் கொடுத்துவிடலாம். பத்து நிமிஷம் கத்தவிட்டுக் கொடுப்பதுதான் ரொம்பக் கெடுதல், அது பத்து நிமிஷம் கத்தக் கற்றுக்கொடுக்கும்.

இந்த முதல் பாதியை நீங்கள் இன்றைக்கே உங்கள் வீட்டில் தொடங்கலாம். இதில் ஆபத்து எதுவும் இல்லை.

இரண்டாம் பாதி: ஒரு தடவை சொல்வது

இரண்டாம் பாதியில் உத்தரவு கொடுக்கக் கற்றுத்தருகிறார்கள். எப்படிப்பட்ட உத்தரவு என்பதை நீங்களாகவே பழகலாம், அதை முதலில் சொல்கிறேன்.

கேள்வியாகக் கேட்கக்கூடாது. "குளிக்கப் போலாமா?" என்றால் 'வேண்டாம்' என்பது நியாயமான பதில், அதற்கு அவனைத் திட்ட முடியாது. 'லாம்' போட்டும் சொல்லக்கூடாது. "பொம்மையெல்லாம் எடுத்து வைக்கலாம்" என்றால் யார் எடுத்து வைப்பது? "ஒழுங்கா இரு", "வாலாட்டாதே", "சமத்தா இரு" எல்லாம் காற்றில் போகிற சொற்கள், என்ன செய்ய வேண்டும் என்று அதில் இல்லை. "ஓடாதே" என்பதைவிட "என் பக்கத்துல நட". "சோபா மேல குதிக்காதே" என்பதைவிட "சோபாவுல உட்காரு". ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை. சாதாரணக் குரலில். காரணம் சொல்ல வேண்டுமா, உத்தரவுக்கு முன்னால் சொல்லிவிடுங்கள்: "பாட்டி தடுக்கி விழுந்துடுவாங்க. இந்தச் செருப்ப ராக்குல வை." உத்தரவுக்குப் பின்னால் காரணம் சொன்னால், ஏன், எதுக்கு என்று பேச்சு வளர்ந்து செருப்பு அங்கேயே கிடக்கும்.

சொன்ன பிறகு மனசுக்குள் ஐந்து வரை எண்ண வேண்டும், வாயைத் திறக்காமல். அந்த ஐந்து நொடி எவ்வளவு நீளம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். நான் முன்பெல்லாம் அந்த ஐந்து நொடிக்குள் நாலு தடவை சொல்லியிருப்பேன், நாலாவது தடவை கத்தியிருப்பேன். கத்தினால்தான் அப்பா நிஜமாகச் சொல்கிறார் என்று அவனுக்கு நான்தான் பழக்கியிருந்தேன். அவன் செய்துவிட்டால் உடனே: "சொன்ன உடனே வச்சே, ரொம்ப சந்தோஷம்."

அவன் செய்யாவிட்டால் என்ன என்பதுதான் அடுத்தது. ஒரே ஒரு எச்சரிக்கை: "வைக்கலைன்னா நாற்காலியில உட்காரணும்." மறுபடி ஐந்து நொடி. அப்பவும் செய்யவில்லை என்றால், திட்டாமல், பேசாமல் நாற்காலிக்குக் கூட்டிப்போவது. மூன்று நிமிஷம், அதன் கடைசியில் ஐந்து நொடி அமைதி. பிறகு திரும்ப வந்து அதே செருப்பு, அதே ராக். வைத்த பிறகு இன்னொரு சின்ன வேலை, அதைச் செய்ததும் மனசாரப் பாராட்டு.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையில் வீட்டில் தொடங்கிவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தை நாற்காலியை விட்டு எழுந்து ஓடும். அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒழுங்கு இருக்கிறது, அதைப் பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருந்து கற்றுத்தர வேண்டும். தெரியாமல் செய்தால் இழுப்போம், அமுக்குவோம், பாத்ரூமில் போட்டுப் பூட்டுவோம். அதெல்லாம் சிகிச்சை இல்லை. முதல் தடவை கிளினிக்கில் எங்களுக்கு நாற்பது நிமிஷம் ஆனது. அவன் அழ, எனக்குக் கை நடுங்கியது. காதுக்குள் அந்தக் குரல் மட்டும் நிதானமாக வந்துகொண்டே இருந்தது: "நன்றாகச் செய்கிறீர்கள். அவன் முகத்தைப் பார்க்காதீர்கள். மூச்சை மெதுவாக விடுங்கள். இன்னும் கொஞ்ச நேரம்தான்." நாற்பதாவது நிமிஷம் அவன் கட்டையைப் பெட்டிக்குள் போட்டான். நான் பாராட்டினேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் மடியில் வந்து உட்கார்ந்தான். இதற்குப் பிறகு அவன் என்னை வெறுத்துவிடுவான் என்று பயந்திருந்தேன். ஏழு வாரம் தினமும் ஐந்து நிமிஷம் போட்டு வைத்தது அன்றைக்குக் கைகொடுத்தது. முதல் பாதி இல்லாமல் இரண்டாம் பாதியை ஏன் தொடவிடுவதில்லை என்று அந்த அறையில்தான் புரிந்தது.

அடிப்பதைப் பற்றி. 2004-ல் ஓக்லஹோமாவில் மார்க் சாஃபினும் அவரோடு இருந்தவர்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். குழந்தையை அடித்து, அது குழந்தைகள் நலத்துறை வரை போன 110 பெற்றோர். சிலருக்கு இந்தப் பயிற்சி, சிலருக்கு வழக்கமான பெற்றோர் வகுப்பு. ஏறக்குறைய 850 நாள் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான வகுப்புக்குப் போனவர்களில் 49 சதவீதம் பேர் மீது மறுபடி புகார் வந்திருந்தது. இந்தப் பயிற்சி எடுத்தவர்களில் 19 சதவீதம். இந்த எண்ணைத் தெரபிஸ்ட் சொன்ன அன்றைக்குக் காரில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கை நீட்டிய அப்பாவும் மாறலாம் என்று யாரோ எண்ணிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது வேண்டியிருந்தது.

வீட்டில் மற்றவர்கள்

ஒரே வீட்டில் ஒருவர் எண்ணிப் பேச, மற்றவர் "பூச்சாண்டிகிட்ட புடிச்சுக் குடுத்துடுவேன்" என்றால் நடக்காது. பூச்சாண்டி, போலீஸ், ஊசி, "அப்பா வரட்டும்" இவை நான்கையும் எங்கள் வீட்டில் கூடிப் பேசி நிறுத்தினோம். ஊசி போடச் சொல்வேன் என்று மிரட்டிய குழந்தையைத் தடுப்பூசிக்குக் கூட்டிப்போக நாம்தான் அல்லாட வேண்டும். 'அப்பா வரட்டும்' என்றால், நான் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தமே அவனுக்குத் தண்டனையாகிவிடும். என் மனைவி அதை விட்ட ஒரு மாதத்தில் அவன் வாசலுக்கு ஓடி வர ஆரம்பித்தான்.

மூத்த பிள்ளை இருந்தால் அதற்கும் ஐந்து நிமிஷம் கொடுங்கள். எங்கள் பெண்ணுக்கு ஒன்பது வயது. "நானும் கடிச்சா எனக்கும் விளையாடுவீங்களாப்பா?" என்று ஒருநாள் கேட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு ஏழு மணி.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு: மாவட்டங்களில் அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. காது, பேச்சு, வளர்ச்சி பற்றிய சந்தேகத்துக்கு முதலில் அங்கே போகலாம். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பெற்றோருக்கே மனசு தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். தனியாரிடம் போனால் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "குழந்தைய மட்டும் உள்ள கூட்டிட்டுப் போவீங்களா, இல்ல நான் விளையாடும்போது என்கூட இருந்து எனக்குச் சொல்லிக்குடுப்பீங்களா?" இரண்டாவதைச் சொல்கிறவரிடம் போங்கள். நேரில் போக முடியாவிட்டாலும் வழி இருக்கிறது. வீட்டில் லேப்டாப் கேமராவைத் திறந்து வைத்து, காதில் ப்ளூடூத் மாட்டிக்கொண்டு, தெரபிஸ்ட் வேறு ஊரிலிருந்து பார்த்தபடி பேச, இந்தச் சிகிச்சையை வீடியோவில் நடத்தி அமெரிக்காவில் ஆய்வும் செய்திருக்கிறார்கள். குழந்தை தன் சொந்த வீட்டில், தன் சொந்தப் பொம்மையோடு இருப்பது ஒரு வகையில் நல்லதுதான்.

கடைசி வாரம் எங்கள் தாளில் 102 வந்தது. அவன் இப்போதும் கத்துகிறான், ஐந்து வயதுப் பிள்ளை கத்துகிற அளவுக்கு. டே கேரை மாற்றினோம், புது இடத்தில் ஒரே ஒரு தடவைதான் போன் வந்தது, அதுவும் காய்ச்சல் என்று.

அம்மா ஊருக்குத் திரும்பிப் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை சிறப்பு நேரம் வீடியோ காலில் நடக்கிறது. இங்கே சனிக்கிழமை ராத்திரி, அங்கே விடிகாலை. இவன் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு கிரேயானை எடுப்பான். அங்கே மன்னார்குடியில் அம்மா திண்ணையில் உட்கார்ந்து, மடியில் காலண்டர் தாள், கையில் ஒரு பச்சைக் கிரேயான். "நீ பெரிய வட்டம் போட்டே. பாட்டியும் பெரிய வட்டம் போடறேன்." அவன், "இது நெலா" என்றான். "ஆமா, நெலா" என்றார். போனை வைக்கும் முன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னைக்கு ரெண்டே ரெண்டு கேள்விதான் கேட்டேன்டா. சாப்டியான்னு ஒண்ணு. அது கேக்காம எப்படிடா இருக்கறது?"